வீட்டிலேயே ஹீட்டர் பிளக் மாற்றிய அனுபவங்கள்

ஊட்டி:
ஜனவரி விடியற்காலையில் எங்க ஊரில் புல்லெல்லாம் உறைபனி பூத்துக் கிடக்கும். அந்தக் குளிரில் பழைய இண்டிகா டீசலைக் கிளப்பணும்னா எஞ்சினுக்குள் டீசல் பற்றும் அறையைச் சூடாக்கும் நாலு ஹீட்டர் பிளக்கும் வேலை செய்தே ஆகணும். அந்த 1405 சிசி எஞ்சினில் டீசல் நேராகப் பிஸ்டன் மேல் போய் விழுவதில்லை. சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டுக்குள் இருக்கும் சின்ன அறையில் பீய்ச்சப்பட்டு, அங்கேதான் முதலில் பற்றும். குளிர்ந்த அறைச் சுவர் காற்றின் சூட்டை உறிஞ்சிவிடும். அதனால் பிளக் செத்துப்போனால் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும், சைலன்சரில் வெள்ளைப் புகைதான் வரும். அந்தப் புகை, எரியாமல் வெளியேறும் டீசல்.

பிளக் வாங்க ஓடுவதற்கு முன், பிளக்குக்குக் கரண்ட் அனுப்பும் சுவிட்சான ரிலேயைப் பாருங்க. சாவியைத் திருப்பியதும் பிளக்குகளை இணைக்கும் பட்டையில் வோல்டேஜ் வருகிறதா? வரலைன்னா கோளாறு ரிலேயிலோ ஃபியூஸிலோ வயரிலோ இருக்கு. வந்தால், சாவியை ஆஃப் பண்ணி, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, பட்டையையும் எடுத்துவிட்டு ஒவ்வொன்றாக மல்டிமீட்டரில் பார்க்கணும். பட்டை இருக்கும்போது பார்த்தால் நாலும் சேர்ந்த அளவுதான் வரும், எது செத்ததுன்னு தெரியாது. மீட்டரின் இரண்டு முனைகளையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டு, வருகிற அளவைக் கழித்துக்கொள்ளுங்க. நல்ல பிளக்கே ஏறக்குறைய 1 ஓம்தான் காட்டும், அதற்குக் கீழேகூட இருக்கும். என் வண்டியில் இரண்டு பிளக்குக்கு மீட்டர் அசையவே இல்லை, உள்ளே கம்பி அறுந்துபோயிருந்தது. மற்ற இரண்டும் அதே வயசுதானே என்று நாலையும் மாற்றிவிட்டேன்.

மாட்டுவது சுலபம். கழற்றுவதுதான் முழு வேலையும். கழற்றுவதற்குச் சில நாள் முன்பிருந்தே ஒவ்வொரு பிளக்கின் அடியிலும் துரு இளக்கும் ஆயில் விட்டு, வண்டியை வழக்கம்போல ஓட்டிக்கொண்டிருந்தேன். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஆயில் மரைக்குள் இறங்கணும். கழற்றுகிற அன்று எஞ்சின் நல்ல சூட்டில் இருக்கும்போது, குழியில் கிடந்த மண்ணைக் காற்றடித்து எடுத்துவிட்டு, நீள சாக்கெட் போட்டேன். கைப்பிடி குட்டியாக இருக்கட்டும், நீளக் குழாய் சொருகவே கூடாது. கால் சுற்று வெளியே, கொஞ்சம் உள்ளே, மறுபடி வெளியே. ஒரு பிளக் 'கிரீச்' என்று கத்தியது. அங்கேயே நிறுத்தி, உள்ளே திருப்பி, ஆயில் விட்டுக் காத்திருந்தேன். மரை இடுக்கிலிருந்து செம்பழுப்பாக ஆயில் கசிந்து வந்தபிறகு கையாலேயே சுழன்று வந்துவிட்டது.

நாமக்கல்:
அண்ணே, அந்த 'கிரீச்' இடத்தில் நிறுத்தினீங்களே, அதுதான் விஷயம். எங்களுக்கு லேத் பட்டறை. முறிந்த பிளக்கோடு ஹெட் வருவது எங்களுக்குப் பழக்கம். சொந்தக்காரர் ஒருத்தரின் 1.3 லிட்டர் காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து அதிக அழுத்தத்தில் டீசல் போகும் புது வகை) காரில், ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஆறிப்போன எஞ்சினிலேயே நீளக் கைப்பிடி போட்டு முறித்துவிட்டார்கள். ஹெட்டை இறக்கி, பிளக் நடுவில் துளை போட்டு, மரை கெடாமல் துண்டு துண்டாக எடுத்தோம். ஒரு பிளக்கின் விலையை நினைத்தால், ஹெட் கேஸ்கட்டும் கூலியும் எங்கேயோ போய்விட்டது.

சமவெளியில் காமன் ரெயில் வண்டிக்கு இந்த ஆபத்து அதிகம். நம்ம வெயிலில் பிளக் எல்லாம் செத்திருந்தாலும் வண்டி கிளம்பிவிடும், யாரும் கவனிப்பதில்லை. வருஷக்கணக்கில் தொடாமல் கிடக்க, முனையைச் சுற்றிக் கரி படிந்து இறுகிவிடும்.

முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் இருந்தால் கழற்றும்போதும் அதையே பயன்படுத்துங்க. 8 மி.மீ. மரை உள்ள பிளக் சுமார் 20 நியூட்டன் மீட்டரில் முறியும், 10 மி.மீ. 35-இல், 12 மி.மீ. 45-இல். அதற்குக் கீழே செட் பண்ணிவைத்து, கிளிக் ஆனதும் கையை எடுத்துவிடணும். இறுக்கும்போது 8 மி.மீ.க்கு 10, 10 மி.மீ.க்கு 15 போதும். மேலே வயர் மாட்டும் நட்டுக்கு 2, 3 நியூட்டன் மீட்டர்தான். அங்கேயும் நிறையப் பேர் முறுக்கி உடைக்கிறாங்க.

புதுசு போடும் முன் துளையில் உள்ள கரியை, அதைச் சுரண்டி எடுக்கும் ரீமர் என்கிற கருவியால் எடுங்க. ரீமர் பள்ளங்களில் கிரீஸ் தடவினால் கரி சிலிண்டருக்குள் விழாமல் ஒட்டிக்கொண்டு வெளியே வரும்.

நுவரெலியா:
எங்கட பக்கமும் குளிர்தான். பழைய டொயோட்டா டீசல் வேன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விசயம். பிளக்கின் மரையும் நீளமும் பொருந்தினால் மட்டும் போதாது, வோல்டையும் பார்க்க வேணும். உடம்பில் பொறித்திருக்கும். எனக்குப் பாகக் கடையில் தந்தது குறைந்த வோல்ட் பிளக். கொஞ்ச நாளில் முனை ஊதிப் பெருத்துவிட்டது. மரை முழுக்கக் கழன்று பிளக் சும்மா சுற்றியது, ஆனால் துளையால் வெளியே வரவில்லை. கராஜ்காரர் இழுக்க வேண்டாம் என்றார். இழுத்தால் முனை முறிந்து உள்ளே விழும், பிஸ்டனைத் தின்றுவிடும். ஹெட்டைக் கழற்றித்தான் எடுத்தோம்.

அதோட, புது வாகனங்களில் 4.4 வோல்ட், 7 வோல்ட் பிளக் இருக்கு. சிவக்குதா என்று பார்க்க அதை நேரே 12 வோல்ட் பேட்டரியில் தொடக் கூடாது, அந்த நிமிசமே எரிந்துபோகும். செராமிக் முனை என்றால் கீழே விழுந்ததைப் பூட்டவும் வேண்டாம். வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது.

ஊட்டி:
நுவரெலியா நண்பருக்கு நன்றி. வோல்ட் விஷயம் இங்கே கடைக்காரர்களே கேட்பதில்லை.

நாமக்கல் தம்பி, நீங்க சொன்னதைப் படித்துவிட்டுக் கழற்றிய பிளக்குகளை எடுத்து வைத்து மறுபடி பார்த்தேன். மூன்றின் முனையும் காய்ந்த சாம்பல் நிறம். மூன்றாவது சிலிண்டருடையது மட்டும் கரி அப்பி ஈரமாக, ஒரு பக்கம் அரித்த மாதிரி இருக்கு. டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் நாசில் (முனை) சொட்டுகிறது என்றுதான் தோன்றுகிறது. அப்படியே விட்டால் புது பிளக்கும் அதே கதிக்குத்தான் போகும். அதனால் நாலு இன்ஜெக்டரையும் கழற்றி பிரஷர் பார்க்கப்போகிறேன். குன்னூர், மேட்டுப்பாளையம் பக்கம் நாசிலைக் கண் முன்னாலேயே டெஸ்ட் பண்ணிக் காட்டும் டீசல் பம்ப் கடை தெரிந்தவர்கள் சொல்லுங்க.