ஃபர்ம்வேர்: நிலைபொருளா, உறைநிரலா?

அன்பர்களுக்கு வணக்கம்.

பழைய கார்களில் உள்ள வழிகாட்டி (நேவிகேஷன்), ஒலிச் சாதனத்தின் ஃபர்ம்வேரை, அதாவது சாதனத்துக்குள்ளேயே பதிந்திருந்து அதை இயக்கும் நிரலை, புதுப்பிக்கும் கையேட்டில் 'நிலைபொருள்' என்ற சொல்லையே தொடரலாம் என்று இங்கே சொல்லப்பட்டது. அதை மாற்ற வேண்டும் என்பதே என் கருத்து.

கோவையில் கார் ஸ்டீரியோ பொருத்தும் கடைகளில் எல்லாமே 'சாப்ட்வேர்'தான். "மேப்புல புதுப் பாலம் வரலீங்க" என்றால், "சாப்ட்வேர் ஏத்தோணும்ங்க" என்ற விடை வரும். அவினாசி சாலையில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை ஏறத்தாழ 10 கி.மீ. நீளும் மேம்பாலம் 2025 அக்டோபரில்தான் திறக்கப்பட்டது; பழைய சாதனத்தில் அது தெரியாததற்குக் காரணம் வரைபடத் தரவு பழையதாக இருப்பதே. ஃபர்ம்வேரை மட்டும் மாற்றினால் பாலம் வந்துவிடாது. மாறாக, திரையில் தேதி திடீரென இருபது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகப் பின்னோக்கிப் போனால், அது பெரும்பாலும் ஃபர்ம்வேரின் குறை. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் தம் பழைய குறிகையில் வார எண்ணை 10 பிட்டுகளில் (0 முதல் 1023 வரை மட்டும்) அனுப்புவதால், 1024 வாரங்களுக்கு ஒருமுறை அவ்வெண் சுழியத்துக்குத் திரும்புகிறது. 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அவ்வாறு திரும்பியது. அதைக் கணக்கில் கொள்ளாத ஃபர்ம்வேர்தான் பழைய தேதியைக் காட்டுகிறது. இவ்விரு குறைகளையும் ஒரே சொல்லால் குறித்தால், காருக்கு உரியவர் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பழைய குறையோடே வீடு திரும்புவார்.

இனி, சொல்லுக்கு வருகிறேன். 1967இல் கணினியியலாளர் ஆஷர் ஓப்லர் ஃபர்ம்வேர் என்ற சொல்லை உருவாக்கியபோது, வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் இடைப்பட்ட நுண்ணிரலையே (மைக்ரோகோடு) குறித்தார். வல்லினம், மெல்லினம், இடையினம் என்ற நம் மரபையொட்டி 'இடைப்பொருள்' என்று ஓர் அன்பர் முன்மொழிந்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் மென்பொருள்களை ஒன்றோடொன்று இணைக்கும் மிடில்வேருக்கும் அச்சொல்லே பொருந்துவதால், வருத்தத்தோடு அதை விட வேண்டியிருக்கிறது. 'நிலைபொருள்' என்பதிலோ மாறாதது என்ற பொருளே முந்தி நிற்கிறது. கையேட்டின் முதல் வரியிலேயே நிலையானதை மாற்றச் சொல்வது படிப்பவரைக் குழப்பும்.

ஆகவே 'உறைநிரல்' என்ற சொல்லை முன்வைக்கிறேன். உறைதல் என்றால் தங்கியிருத்தல். இது வினைத்தொகையாதலால் உறைந்த நிரல், உறைகின்ற நிரல், உறையும் நிரல் என முக்காலமும் இதில் அடங்கும். பழைய நிரல் உறைந்த இடத்தில் புதியது உறையப்போகிறது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான புணர்ப்பு எனக்குத் தோன்றவில்லை. உறை என்பதற்குப் பனியாக உறைதல், கத்தி உறை என்ற பொருள்களும் உண்டே என்று கேட்கலாம். நிரல் என்பதோடு சேர்கையில் அவை பின்னுக்குப் போய்விடுகின்றன.

வினைச்சொல்லைப் பட்டறையிலிருந்தே எடுத்துக்கொள்வோம். மெக்கானிக் சொல்லும் 'ஏத்தறது' என்பதிலிருந்து 'உறைநிரல் ஏற்றம்' இயல்பாகக் கிடைக்கிறது. வரைபடத்துக்கு 'வரைபடத் தரவுப் புதுப்பிப்பு' என்றே எழுதலாம். அங்கே புதுச்சொல் வேண்டியதில்லை. சொற்கள் வாக்கியத்தில் நிற்கின்றனவா என்று இப்படி எழுதிப் பார்த்தேன்: "அமைப்புகள் பக்கத்தில் இப்போதுள்ள உறைநிரலின் பதிப்பு எண்ணையும் சாதனத்தின் மாடல் எண்ணையும் குறித்துக்கொண்டு, அவற்றுக்கு உரிய கோப்பை மட்டும், தயாரிப்பாளர் கேட்கும் வடிவத்தில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் இடவும், ஏற்றம் முடியும்வரை மின்சாரம் தடைபடக் கூடாது." எனக்கு இதில் தடுக்கும் இடம் எதுவும் தெரியவில்லை.

ஏற்றம் பாதியில் அறுந்து சாதனம் செயலிழப்பதைக் கடைக்காரர்கள் "செட்டு டெட் ஆயிருச்சுங்க" என்பார்கள். அதற்கு 'ஏற்ற முடக்கம்' என்று இப்போதைக்கு எழுதியிருக்கிறேன். இதைவிடச் சுருக்கமான சொல் தோன்றினால் எழுதுங்கள், கையேட்டில் மாற்றிவிடுகிறேன்.