தீவுத்திடல் பொருட்காட்சிக்கு எப்போ போகலாம்?

கேள்வி: ஊரிலிருந்து மாமியார் வர்றாங்க, கூட ரெண்டு வாண்டுகள். காணும் பொங்கலன்னைக்குப் போகலாமா?

புரசை அக்கா: ஐயோ, அன்னைக்கு மட்டும் வேணாம்மா! மெரினா கூட்டத்துல பாதி அங்கதான் நிக்கும். சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்துற காட்சி, பொங்கலோட முடிஞ்சுடாது. வார நாள் சாயங்காலமா போங்க. அரசுத் துறை அரங்குகளை முதல்ல பார்த்துடுங்க. ராட்டினத்தைப் பார்த்துட்டா பசங்க நகராதுங்க. மாமியாருக்கு மிளகாய்த்தூள் தூவின டெல்லி அப்பளம் வாங்கிக் குடுங்க. முகத்தை விடப் பெருசு, அதுக்கே நான் வருஷா வருஷம் போறேன்.

சிந்தாதிரிப்பேட்டை வாசி: மிளகாய் பஜ்ஜியை விட்டுட்டீங்களேக்கா! வண்டி வேணாம், மெட்ரோல வாங்க.

கேள்வி கேட்டவர்: மாமியாருக்கு மரணக்கிணறுதான் பார்க்கணுமாம்!

புரசை அக்கா: இருந்தா கூட்டிட்டுப் போங்க. காதுல பஞ்சு மறக்காதீங்க.