சபைக்கூச்சம்: மேடையில் தொண்டை அடைத்தவர்கள் எழுதுங்கள்

கல்லடிப் பெண்:
வலயமட்டத் தமிழ்த்தினப் போட்டி, தனியிசை. பெயரைக் கூப்பிட்டதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பல்லவி எடுத்தேன், குரல் சுருதிக்கு மேலே ஏறி நின்றது. அது என் காதுக்கே கேட்டது, ஆனால் இறக்க முடியவில்லை. அனுபல்லவிக்கு வருமுன்பே நடுவர்களில் ஒருவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். 'டக்' என்ற அந்தச் சத்தம் இன்றைக்கும் நெஞ்சில் இருக்கிறது. பிறகு என் கூச்சத்தைப் போக்கியது மார்கழித் திருவெம்பாவை. விடியற்காலையில் நாலு பேரோடு சேர்ந்து பாடிப் பாடித்தான் குரல் திறந்தது. வீட்டுக்குள் தனியாகச் செய்த சாதகப் பயிற்சி இதற்கு உதவவேயில்லை.

காரைதீவார்:
தங்கச்சி, சாதகம் உதவாது என்று பிள்ளைகள் படிக்கும் இடத்தில் எழுதாதீர்கள். பாட்டு உடம்பில் ஊறியிருந்தால்தான் பயந்த நேரத்திலும் வாயில் வரும். வைகாசிக் குளிர்த்திச் சடங்கில் கண்ணகி அம்மன் சந்நிதியில் உடுக்கோடு பாடும்போது எனக்கு நடுக்கம் வந்ததேயில்லை. வரி தவறினால் பக்கத்தில் நிற்பவர் எடுத்துத் தருவார். அதே தொண்டைதான் விபுலாநந்த அடிகளார் நினைவு விழாவில் அடைத்துப்போனது. 'யாழ் நூல்' தந்தவர் பிறந்த மண்ணில், ஊர்ச்சனத்துக்கு முன்னால்! மிருதங்கக்காரத் தம்பி ஓர் ஆவர்த்தனம், அதாவது ஒரு தாளச் சுற்று, சும்மா வாசித்தான், இன்னொன்றும் வாசித்தான். பிறகு என் பக்கம் சாய்ந்து முதல் வரியைத் தானே முணுமுணுத்தான். அதைப் பிடித்துக்கொண்டு பாடி முடித்தேன். அவனுக்கு நன்றி சொல்ல இன்றுவரை வாய்க்கவில்லை.

அக்கரைப்பற்றிலிருந்து:
கலியாண வீட்டுக் கச்சேரிக்கு முன் நண்பர் ஒருவர் படபடப்புக்கு ஒரு குளிசை தந்தார். கை நடுங்கவில்லை, பாட்டிலும் உயிர் இல்லை. வேறு யாராவது போட்டதுண்டா?

மட்டக்களப்புத் தாதி:
தம்பி, இனிமேல் தொடாதீர்கள். அது புரொப்ரனலோலாக இருக்கக்கூடும். இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து அது. ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். வைத்தியர் எழுதித் தந்தால் மட்டுமே எடுக்க வேண்டும். நானும் பாடுகிறவள்தான், விடுதி ஒன்றுகூடலில் கால் நடுங்க நின்றிருக்கிறேன். பயந்தால் அட்ரினலின் சுரக்கும், வாய் உலரும், மூச்சு மேல்நெஞ்சோடு நின்றுவிடும், குரல்வளைத் தசை இறுகும். கல்லடித் தங்கைக்குச் சுருதி ஏறியதும் இதனால்தான். மேடைக்கு ஏறுமுன் மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடும் நேரத்தை நீட்டுங்கள். இளஞ்சூட்டு நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். புதிய கீர்த்தனையோடு தொடங்காமல், நன்கு பழகிய வர்ணத்தை முதலில் பாடுங்கள். சுருதிப்பெட்டி உங்கள் காதுக்குக் கேட்கிறதா என்று ஒலிபெருக்கிக்காரரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். சபைக்குக் கேட்டால் மட்டும் போதாது. பயமாக இருந்தால் சுருதியை அரைக்கட்டை இறக்கிக்கொள்ளுங்கள்.

காரைதீவார்:
மற்றதெல்லாம் சரி தாதியம்மா, கட்டையை இறக்கச் சொல்லாதீர்கள். ஒரு கட்டையில் பழகியவன் இறக்கினால் மந்தர பஞ்சமம் என்ற கீழ்ச்சுரம் அவனுக்கே கேட்காது. அங்கே இன்னும் பயப்படுவான். வீட்டில் எந்தக் கட்டையோ மேடையிலும் அதுதான்.