ரோல் காஸ்ட் போட்டால் லைன் முன்னாலேயே குவிகிறது, யாராவது உதவுங்கள்

கெளுத்தி: கொஞ்சம் அவசரம், சனிக்கிழமை மறுபடி போகிறேன். சின்ன ஓடையில் ஃப்ளை மீன்பிடிப்பு, அதாவது ஃப்ளை என்ற பூச்சி போன்ற பொய் இரையை லைன் எடையால் வீசிப் பிடிப்பது. ரோல் காஸ்ட் (லைனைப் பின்னால் வீசாமல் தண்ணீரிலிருந்தே முன்னால் உருட்டி வீசுவது) போட்டால் லைன் நீளவே மாட்டேன் என்கிறது. ராட் (தூண்டில் கோல்) நுனிக்கு ஆறடி முன்னால் குவிந்து, ஃப்ளை அதன் மேலேயே விழுகிறது. பின்னால் முழுக்க ரோடோடென்ட்ரான் புதர், தலைக்கு மேல் வீச வழியில்லை. வீடியோவில் பார்த்தபடிதான் செய்கிறேன். எங்கே தப்பு?

மலைச்சாரல்: எந்த ஓடை? ராட் எத்தனை அடி? லைன் எத்தனாவது எண்? லீடர் (லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவே கட்டும் மெல்லிய நரம்பு) நீளம்? எதுவுமே சொல்லாமல் என்னவென்று சொல்வது?

தூண்டில்72: ஆறு மாதம் புல்வெளியில் பழகிவிட்டு ஓடைக்குப் போவது எங்கள் காலத்து வழக்கம். இப்போது வீடியோ பார்த்த மறுநாளே ட்ரௌட் மீன் வேண்டும். மணிக்கட்டை மடக்குகிறீர்கள், வேறென்ன.

ஈரமணல்: சார், ரோல் காஸ்டைப் புல்வெளியில் எப்படிப் பழகுவது? லைனைத் தண்ணீர் பிடித்து வைத்தால்தான் ராட் வளையும். புல்லில் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். கெளுத்தி, ராடை மெதுவாக இழுத்துக் காதருகே கொண்டுவந்து நிறுத்துகிறீர்களா? லைன் தோளுக்குப் பின்னால் தொய்ந்து தொங்கும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் குவியத்தான் செய்யும்.

தூண்டில்72: லீடர் நுனியை ஒரு கிளிப்போர்டில் மாட்டிப் புல்லில் வைத்தால் பழகலாம். தெரியாததைப் பேசாதீர்கள்.

ஈரமணல்: கிளிப்போர்டைத் தூக்கிக்கொண்டு பூங்காவுக்குப் போகச் சொல்கிறீர்கள். சரி.

ஒற்றைமூங்கில்: ரீலையே தூக்கிப் போடுங்கள் ப்ரோ. 12 அடி டெங்காரா (ரீல் இல்லாத ஜப்பானிய முறை) ராட், நுனியில் கட்டின லைன், அவ்வளவுதான். வீச்சுப் பிரச்சினையே வராது.

மலைச்சாரல்: புதர் கூரை போட்ட ஓடையில் 12 அடி ராடா? அதை எங்கே நிமிர்த்துவார்? கெளுத்தி, கேட்டதற்குப் பதில்?

கெளுத்தி: மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். அமெரிக்காவில் டென்னசி, ஸ்மோக்கி மலை. எல்க்மாண்டுக்கு மேலே லிட்டில் ரிவரில் சேரும் ஒரு கிளை. ராட் 9 அடி, 5ஆம் எண். லைனும் 5, வெயிட் ஃபார்வர்ட் என்று சொன்னார்கள். ரீலோடு சேர்த்துப் பழையதாக வாங்கியது. லீடர் 9 அடி.

மலைச்சாரல்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். 5ஆம் எண் என்பது லைனின் முதல் 30 அடி 140 கிரெய்ன் (சுமார் 9 கிராம்) எடை என்ற கணக்கு. நீங்கள் வெளியே விடுவது 12 அடி இருக்குமா? பாதி எடைகூட வராது, ராட் எப்படி வளையும்? லீடரை ஏழரை அடியாக்குங்கள். ரொம்ப நெருக்கமான இடத்தில் வில் அம்பு வீச்சுதான். ஃப்ளையைக் கொக்கி வளைவில் பிடித்து, முனை விரலுக்கு வெளியே இருக்கும்படி இழுத்து, லைனை ராடோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, குறிபார்த்து விடுங்கள். மண்டியிட்டால் கிளையும் இடிக்காது, மீனும் மிரளாது.

நாணல்: தம்பி, பழைய ரீல் என்பதால் கேட்கிறேன். லைன் முழுவதையும் உருவிப் பார்த்தீர்களா? வெயிட் ஃபார்வர்டில் தடித்த பகுதி முன்னால் வர வேண்டும். உள்ளே போகப் போகத் தடிமன் கூடினால் யாரோ தலைகீழாகச் சுற்றியிருக்கிறார்கள். மெல்லிய பகுதியை வைத்து எத்தனை ரோல் காஸ்ட் போட்டாலும் குவியும்.

தூண்டில்72: இதற்குத்தான் டபிள் டேப்பர் வாங்கு என்பது. இரண்டு முனையும் ஒன்று, தலைகீழ் என்ற பேச்சே இல்லை. ரோல் காஸ்டுக்கும் அதுதான்.

ஈரமணல்: முதல் 30 அடியில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஓடையில் யார் 50 அடி வீசுகிறார்கள்?

தூண்டில்72: ஒரு முனை தேய்ந்தால் திருப்பிச் சுற்றலாம். ஒரு லைன் காசில் இரண்டு.

ஈரமணல்: அது காசுக் கணக்கு சார், வீச்சுக் கணக்கு இல்லை.

கெளுத்தி: நாணல் அண்ணா சொன்னதுதான், தலைகீழ். திருப்பிச் சுற்றியாயிற்று. வீட்டுப் பக்கத்துக் குளத்தில் நன்றாகவே நீள்கிறது. ஓடையில் இன்னும் பார்க்கவில்லை. நன்றி.

நாணல்: லைசென்ஸ் எடுத்தாயிற்றா? ஸ்மோக்கி மலை தேசியப் பூங்காவுக்குள் உயிர் இரை கூடாது, ஒற்றைக் கொக்கிதான். லீடரையும் மறக்காமல் சின்னதாக்குங்கள்.

ஒற்றைமூங்கில்: டெங்காராவில் தலைகீழாகச் சுற்ற ரீலே கிடையாது, சும்மா சொன்னேன்.

தூண்டில்72: டபிள் டேப்பர் பற்றிக் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.