நெஞ்சு சிடி ஸ்கேனில் மங்கல்: எது வைரஸ், எது மூச்சு?

பாளையங்கோட்டை, சிடி டெக்னீஷியன்

இருமலோடு வருகிறவரிடம் "தம் கட்டுங்க" என்றால் பல பேர் மூச்சை வெளியே விட்டுவிட்டுத்தான் கட்டுகிறார்கள். காற்று குறைந்த நுரையீரல் முழுக்கச் சாம்பல் பூத்த மாதிரி விழும், ரிப்போர்ட்டில் அது கிரவுண்ட் கிளாஸ், அதாவது நோயால் வந்த லேசான மங்கல், என்று ஆகிவிடும். மூச்சுக்குழாயின் பின்சுவரைப் பாருங்கள். நன்றாக இழுத்திருந்தால் பின்னால் உருண்டு நிற்கும். விட்டிருந்தால் உள்பக்கம் குழிந்து குழாயே பிறை வடிவமாகும். ஸ்கேனுக்கு முன்பே இரண்டு மூன்று தடவை பழக்கிவிடுங்கள்: "நல்லா இழுங்க தாத்தா, விட்டுராதீய, அப்படியே இருங்க."

மூச்சு வாங்குபவருக்குக் கீழிருந்து மேலாக ஓட்டுங்கள். உதரவிதானத்தை ஒட்டிய பகுதிதான் அதிகம் அசையும். அதை முதலில் எடுத்துவிட்டால், கடைசியில் தம் விட்டாலும் உச்சிப் பகுதி அவ்வளவு கெடாது. ஸ்லைஸ் (ஒவ்வொரு குறுக்குவெட்டுப் படத்தின் தடிமன்) 1 முதல் 1.5 மி.மீ. போதும், 5 மி.மீ.யில் மெல்லிய கோடெல்லாம் கலங்கிப் போகும்.

தென்காசி, ரேடியாலஜிஸ்ட்

அண்ணாச்சி சொன்னது சரி. இன்னொன்று, மல்லாந்து படுத்தால் முதுகுப் பக்க நுரையீரல் தன் பாரத்திலேயே அமுங்கி மங்கும். கோவிட் மங்கலுக்கும் அதே இடம்தான் பிடிக்கும்: இரண்டு பக்கமும், ஓரமாக, கீழே, பின்னால். சந்தேகம் வந்தால் குப்புறப் படுக்க வைத்து அந்த இடத்துக்கு மட்டும் சில ஸ்லைஸ் எடுங்கள். மறைந்தால் பாரம், நின்றால் நோய்.

மங்கலுக்குள் ரத்தக்குழாய் தெரிந்தால்தான் கிரவுண்ட் கிளாஸ், மறைந்தால் கன்சாலிடேஷன், அதாவது காற்றறைகள் நிரம்பி இறுகிப்போனது. அடினோவைரஸ் சிலருக்கு ஒரு லோப் (நுரையீரலின் ஒரு பிரிவு) முழுக்க அடைத்துக்கொண்டு பாக்டீரியா நிமோனியா மாதிரியே நடிக்கும்.

நம்ம பக்கம் பீடி குடிக்கும் பெரியவர்களிடம்தான் அதிகம் சறுக்கும். எம்ஃபிசீமா (காற்றறைச் சுவர்கள் சிதைந்த நோய்) ஓட்டைகளைச் சுற்றி மங்கல் படிந்தால் அசல் தேன்கூடு மாதிரி இருக்கும், நார்த்தழும்பு (ஃபைப்ரோசிஸ்) என்று எழுதிவிடுவார்கள். பழைய பிலிமைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

நெல்லை டவுன், நெஞ்சுநோய் மருத்துவர்

ஸ்கேன் சீட்டில் காய்ச்சல் தொடங்கிய தேதி இல்லாமல் அனுப்பாதீர்கள். கோவிடில் முதல் இரண்டு நாளில் எடுத்தால் படம் சுத்தமாகவே இருக்கலாம். 10ஆம் நாள் வாக்கில்தான் உச்சம். மங்கலின் மேல் தளக்கல் பாவிய மாதிரி கோடுகள் ஓடும்.

நுரையீரல் எவ்வளவு பாதித்திருக்கிறது என்று சொல்லும் சிடி ஸ்கோரை, "25க்கு எத்தனை டாக்டர்?" என்று பரீட்சை மார்க் மாதிரி கேட்கிறார்கள். ஐந்து லோப், ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 5. ஒரு லோபில் 26 சதவீதம் பாதித்தாலும் 3தான், 49 என்றாலும் அதே 3தான். ஸ்கோர் 8 என்றாலும் விரலில் ஆக்சிமீட்டர் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு காட்டும் கருவி) மாட்டி ஆறு நிமிடம் நடக்கவிடுங்கள். ஆக்சிஜன் அளவு 3 புள்ளிக்கு மேல் இறங்கினால் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.