சேலத்தில் கைக்கு வரும் பூமராங் ஏற்காட்டில் ஏன் முன்னாலேயே விழுகிறது?

கேள்வி – அஸ்தம்பட்டி வாசி
6 மி.மீ. பிளைவுட், வலது கைக்கானது, இரண்டு இறக்கை. இரண்டு நுனியிலும் ஒரு ரூபாய் நாணயம் செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கு. சேலத்தில் காலையில் வீசினால் ஒழுங்காகத் திரும்புது. ஏற்காட்டில் வட்டம் பெரிதாகி, ஏழெட்டு மீட்டர் முன்னாலேயே விழுது. பலமாக வீசினாலும் அப்படியேதான். என்ன செய்யலாம்? நம்ம ஊர் பழைய வீசுதடியான வளரியும் இப்படித் திரும்பி வருமா?

பதில் – காற்றாடி
முதல் வேலையா அந்த நாணயங்களைப் பிய்த்து எடுங்க. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம், சேலம் 300-க்குள். குளிரையும் கணக்கில் சேர்த்தால் மேலே காற்றின் அடர்த்தி பத்து சதவீதம்போலக் குறைவு. பூமராங் சுழலும்போது மேல்பக்கம் வரும் இறக்கை காற்றை அதிக வேகத்தில் வெட்டும், கீழ்ப்பக்கம் போவது குறைந்த வேகத்தில். அந்த வித்தியாசம்தான் அதை இடப்பக்கம் திருப்புது. காற்று மெலிந்தால் திருப்பமும் மெலியும், வட்டம் விரியும். நுனியில் எடை இருந்தால் இன்னும் விரியும். வீசும் வேகத்தைக் கூட்டுவதால் வட்டத்தின் அளவு பெரிதாக மாறாது. தோள் பலத்தை விட மணிக்கட்டுச் சொடுக்குதான் முக்கியம். சுழற்சி இருந்தால்தான் கடைசி வரை மிதக்கும்.

பிடி செங்குத்திலிருந்து 10–20 டிகிரி வெளிப்பக்கம் சாய்ந்திருக்கட்டும். அதற்கு மேல் படுத்தால் உயரே ஏறி மூக்கு குத்தி விழும், பலகை அங்கேயே உடையும். காற்றைப் பார்த்து நின்று, 45 டிகிரி வலப்பக்கம் திரும்பி, கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே வீசுங்க. உங்களுக்கு இடப்பக்கம் விழுந்தால் இன்னும் வலப்பக்கம் திரும்பணும். வலப்பக்கம் விழுந்தால் காற்றை நோக்கி.

பதில் – மரவேலை
மேலே சொன்னது சரி, ஆனா பனியையும் பாருங்க. பிளைவுட்டின் விளிம்பு ஈரத்தைக் குடிக்கும், இறக்கை முறுக்கிக்கும். பூமராங்கைக் கண்ணாடி மேல் வைத்தால் இரண்டு நுனியும் ஒரே அளவு லேசாகத் தூக்கி நிற்கணும். ஒன்று தொங்கினால் அடுப்புத் தீக்கு ஒரு சாண் மேலே காட்டி, கை பொறுக்கும் சூடு வந்ததும் வளைத்து, ஆறும் வரை அப்படியே பிடிக்கணும். பிறகு விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து இரண்டு பூச்சு வார்னிஷ். இது போதும். அடிப்பக்கம் முன்விளிம்பைச் செதுக்கினால் மேலே தூக்கும் விசை கூடும், ஆனா செதுக்கியதைத் திரும்ப ஒட்ட முடியாது. அதைக் கடைசியா வெச்சுக்குங்க.

பதில் – வளைதடி
வளரி திரும்பாது. ஒரு முனை கனம், மறுமுனையைப் பிடித்து வீசுவது. மரத்திலும் இரும்பிலும் உண்டு. சிவகங்கைச் சீமையில் மருது சகோதரர் காலத்துப் போர் ஆயுதம். ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் வேட்டைத் தடியும் நேராகப் போய் அடிப்பதுதான். திரும்பும் ரகம் லேசானது. விளையாட்டுக்கும், பறவைக் கூட்டத்தை மிரட்டி வலைக்குள் தள்ளவும் பயன்பட்டது. எதிலாவது பட்டால் அதுவும் அங்கேயே விழும். "அவர் பேச்சு பூமராங் ஆயிடுச்சு"ன்னு சொல்வது, இலக்கில் படாமல் போன பேச்சுக்குத்தான் சரியாகப் பொருந்தும்.

பதில் – காற்றாடி
ஒன்று விட்டுப்போச்சு. ஏற்காட்டில் சில்வர் ஓக் வரிசைக்குப் பக்கத்தில் வீசாதீங்க, மரத்தைத் தாண்டி வரும் காற்று சுழித்து அடிக்கும். சுற்றிலும் 50 மீட்டர் ஆளில்லாத வெட்டவெளி வேணும். பகோடா பாயிண்ட் மாதிரி மலை விளிம்புகளில் அறவே வேண்டாம். பிடிக்கும்போது இரண்டு உள்ளங்கைக்கு நடுவே தட்டிப் பிடிங்க, அதுவும் நெஞ்சு உயரத்துக்குக் கீழே வந்தால் மட்டும்.