60 மைலில் வரும் நடுக்கம்: பழைய வண்டிகளின் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் அனுபவங்கள்

லெஸ்டர், 1972 எம்ஜிபி ஜிடி

இந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிய நாளிலிருந்தே மணிக்கு 55 மைலைத் தாண்டினால் இருக்கைக்கு அடியில் ஒரு நடுக்கம் கிளம்பும். 65-ல் உச்சத்துக்குப் போகும். நாலு சக்கரமும் பேலன்ஸ் செய்தாயிற்று, டயரும் புதிது. காட்டிய பட்டறையில் "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். 50 வருட வண்டிதான். அதற்காக, தயாரித்த நாளிலேயே இப்படி உதறிக்கொண்டா வெளியே வந்திருக்கும்?

எதையும் கழற்றுவதற்கு முன், நடுக்கம் எதோடு சேர்ந்து சுற்றுகிறது என்று பிரித்துப் பார்த்துவிட வேண்டும். எம்ஜிபியின் பின் ஆக்ஸில் விகிதம் 3.909. அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற, கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் தண்டான ப்ரொபெல்லர் ஷாஃப்ட் 3.909 முறை சுற்றும். 60 மைல் வேகத்தில் சக்கரம் நொடிக்குச் சுமார் 14 முறை சுற்றும், ஷாஃப்ட் சுமார் 55 முறை. சக்கரக் கோளாறு என்றால் தடதடவென்று ஆடும், முன்சக்கரமாக இருந்தால் ஸ்டியரிங்கும் சேர்ந்து ஆடும். என் வண்டியில் வந்தது ஓடுகிற மிக்ஸி மேல் கை வைத்த மாதிரி ஒரு ரீங்காரம். ஆக, சக்கரத்தைவிட வேகமாகச் சுற்றும் ஏதோ ஒன்று.

எஞ்சினா ஷாஃப்டா என்ற கேள்விக்கு ஓவர்டிரைவே (அதே வேகத்தில் எஞ்சின் சுற்றைக் குறைக்க கியர்பாக்ஸின் பின்னால் இருக்கும் கூடுதல் கியர்) பதில் சொல்லிவிட்டது. ஷாஃப்ட் அதற்குப் பின்னால் இருப்பதால், அது சுற்றும் வேகம் வண்டி போகும் வேகத்தை மட்டுமே பொறுத்தது. 60-ல் நாலாவது கியரில் போய்க்கொண்டே சுவிட்சைத் தட்டினேன். எஞ்சின் சுற்றைக் காட்டும் டேக்கோ முள் 600 சுற்று போல இறங்கியது, நடுக்கம் அப்படியே இருந்தது. கிளட்சை மிதித்து உருளவிட்டாலும் அப்படியே. சரி, எஞ்சினை விட்டுவிடலாம்.

பின் ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்துத் தூக்கினேன். பாடியில் கொடுத்தால் ஆக்ஸில் தொங்கி ஷாஃப்டின் கோணமே மாறிவிடும். ஷாஃப்டின் இரு முனையிலும் மூட்டாக இருக்கும் சிலுவை வடிவ கிராஸ் இரண்டையும் திருகிப் பார்த்ததில் ஆட்டமும் இல்லை, இறுக்கமும் இல்லை. முந்தைய உரிமையாளர் கொடுத்த பில் கட்டில் இரண்டையும் மாற்றிய ரசீதுகூட இருந்தது. எனக்குச் சந்தேகம் வந்ததே அந்த ரசீதைப் பார்த்துத்தான். கிராஸ் மாற்றுகிறவர் ஸ்ப்ளைனையும் (ஒன்றுக்குள் ஒன்று சொருகும் பல் வைத்த இணைப்பு) உருவியிருப்பார். திரும்பச் சொருகும்போது பார்த்துச் சொருகினாரா?

மண்ணெண்ணெயில் நனைத்த கம்பி பிரஷால் அந்த இடத்தைச் சுரண்டினேன். கிரீஸும் மண்ணும் சேர்ந்து ஓடு மாதிரி இறுகிக் கிடந்தது. அடியில் ஷாஃப்டில் ஒரு அம்புக்குறி, அது சொருகியிருக்கும் குழாயான ஸ்லீவில் ஒரு அம்புக்குறி. நேருக்கு நேர் பார்க்க வேண்டியவை, ஒரு பல் தள்ளி நின்றன.

கோணத்தில் சுற்றும் கிராஸ், ஒவ்வொரு சுற்றிலும் தனக்குப் பின்னால் இருப்பதை இரண்டு முறை விரட்டும், இரண்டு முறை இழுத்துப் பிடிக்கும். முன் கிராஸின் இந்தச் சேட்டையைப் பின் கிராஸ் சரிக்கட்டிவிடும். ஆனால் ஷாஃப்டின் இரு முனையிலும் கிராஸைப் பிடித்திருக்கும் கவையான யோக்கும் ஒரே வாக்கில் இருந்தால்தான் அது நடக்கும்.

ஷாஃப்டை இரு முனையிலும் போல்ட் போட்டு இணைக்கும் தட்டுகளான ஃபிளாஞ்சுகளில் அடையாளக் கோடு போட்டுக்கொண்டு 9/16 ஸ்பானரால் எட்டு நட்டையும் கழற்றினேன். முன்பக்க நாலும் விரல் தோலை வாங்கிவிடும், ஷாஃப்ட் ஓடும் டனலுக்குள் இடமே கிடையாது. அம்புக்கு நேர் அம்பாகச் சொருகிப் தானாகக் கழலாத புது நைலாக் நட்டு போட்டதும் முக்கால்வாசி நடுக்கம் போய்விட்டது. மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, ஷாஃப்டின் பின்முனையில் இரண்டு ஹோஸ் கிளிப் மாட்டி, எடைக்காக அவற்றின் திருகுத் தலைகளை நகர்த்தி நகர்த்தி ஓட்டினேன். ஓரிடத்தில் நன்றாகவே அடங்கியது, ஆக பேலன்ஸும் கொஞ்சம் போயிருந்தது. கிளிப்போடு மோட்டார்வேயில் போக மனமில்லாமல் ஷாஃப்டை பேலன்ஸ் கடையில் கொடுத்துவிட்டேன். இப்போது 70-லும் தொல்லை இல்லை.

கோயம்புத்தூர், அம்பாசிடர்

அண்ணா, எங்கள் வண்டி ஸ்போர்ட்ஸ் கார் இல்லை, ஆனால் உங்களுக்குப் பங்காளி முறை. இதில் இருக்கும் 1489 சிசியும் உங்கள் 1798 சிசியும் அதே பி சீரிஸ் எஞ்சின்தான். எங்களுக்குப் போனது கிராஸ். ரிவர்ஸ் போட்டால் 'டக்', மெதுவாக உருளும்போது கீச் கீச். மெக்கானிக் அடியில் படுத்ததும் கிராஸின் முனைகளை மூடும் கப்பைச் சுற்றி இருந்த செந்தூளைக் காட்டினார். உள்ளே ஊசி பேரிங் துருவாக அரைபட்டிருந்தது. கிரீஸ் அடிக்கும்போது நாலு கப்பிலும் பழையது பிதுங்கி வருகிறதா என்று பாருங்கள். ஒன்றில் மட்டும் வராவிட்டால் அடுத்துப் போகப்போவது அதுதான்.

ஸ்டுட்கார்ட், பிஎம்டபிள்யூ ஈ30 325ஐ

என் வண்டி நேர்மாறு. புறப்படும்போது உலுக்கும், வேகம் எடுத்தால் அடங்கிவிடும். இதில் ஷாஃப்ட் இரண்டு துண்டு, நடு பேரிங்கைத் தாங்கும் ரப்பர் கிழிந்து தொங்கியது. புதிதைச் சும்மா மாட்டி முடுக்கக் கூடாது, 4 முதல் 6 மில்லிமீட்டர் முன்னால் தள்ளி வைத்து இறுக்க வேண்டும். அப்படியே கியர்பாக்ஸ் பக்கத்து ரப்பர் டிஸ்க்கையும் மாற்றிவிட்டேன். அதிலும் அம்புக்குறி உண்டு, ஃபிளாஞ்சில் நீட்டிக்கொண்டிருக்கும் கையைப் பார்த்து இருக்க வேண்டும். முடுக்கும்போது ஃபிளாஞ்ச் பக்கத்தை மட்டும் திருப்புங்கள், மறுபக்கம் அசையாமல் இருக்கட்டும். இல்லாவிட்டால் புது ரப்பர் மாட்டும்போதே முறுக்கிக்கொள்ளும்.